வெள்ளை நாயை வெயிலில் வரைவது எப்படி

வெள்ளை நாய்தானே, ஒரு பெரிய வெள்ளை ட்யூப் இருந்தால் போதும் என்று உட்காருபவர்கள் பாதியிலேயே எழுந்துவிடுவார்கள். ட்யூப் காலியாகியிருக்கும். பலகையில் நாய்க்குப் பதிலாகச் சுண்ணாம்பு அடித்த பொம்மை நின்றுகொண்டிருக்கும். கை வரவில்லை என்று அவர்கள் நினைப்பார்கள். குறை கையில் இல்லை, கண்ணில்தான்.

காலை எட்டு மணி வாக்கில் கொடியில் காயும் வெள்ளை வேட்டியைப் பாருங்கள். வெயில் படும் பக்கம் லேசாக மஞ்சள் தட்டும். மடிப்புக்குள் நீலம் கலந்த சாம்பல் இருக்கும். கீழே செம்மண் தரை என்றால் தொங்கும் ஓரத்தில் காவி ஏறியிருக்கும். ட்யூபில் இருக்கும் வெள்ளை அதில் ஓரிரண்டு இடத்தில் இருந்தால் அதிகம். ராஜபாளையம் நாயை வெயிலில் உட்காரவைத்தாலும் இதே கதைதான். ரோமம் வெள்ளை என்பது நமக்குத் தெரிந்த செய்தி. கண்ணுக்குப் படுவது வெயில், வானம், தரை மூன்றும் அந்த ரோமத்தில் விழுந்த நிறங்கள்.

அதனால்தான் பழகுவதற்கு ராஜபாளையம் நல்ல நாய். குட்டை ரோமம், தெளிவான உடற்கட்டு, இளஞ்சிவப்பு மூக்கு, வெயில் ஊடுருவும் மெல்லிய காது. இதை வரையப் பழகிவிட்டால் மற்ற நிறத்து நாய்கள் சுலபம். இங்கே சொல்வது அக்ரிலிக் வண்ணத்துக்கு. சீக்கிரம் காயும், மேலே திருத்தலாம், டர்பன்டைன் வாடை கிடையாது.

சாமான்கள்

கேன்வாஸ் போர்டு 12×16 அங்குலம் வாங்குங்கள். இந்த அளவுக்குக் காரணம் உண்டு. பெரும்பாலான ஃபோன் கேமராக்கள் இயல்பாக எடுக்கும் படம் 3:4 விகிதம். 12×16-உம் அதே விகிதம். படத்தை வெட்டவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். வேறு அளவு வாங்கினால், பலகையில் இடம் இல்லாமல் வாலை மடக்க வேண்டிவரும்.

வண்ணம் ஆறு போதும்: டைட்டானியம் வெள்ளை, ட்யூபில் யெல்லோ ஓக்கர் என்று அச்சிட்டிருக்கும் மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் நீலம், கிரிம்சன், லெமன் யெல்லோ. வெள்ளை மட்டும் பெரிய ட்யூப். கறுப்பு வாங்காதீர்கள். வீட்டில் இருந்தால் எடுத்து மறைத்து வையுங்கள். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சரிபாதி கலந்தால் கறுப்புக்கு மிக அருகில் ஒரு கருமை வரும். வெள்ளை சேர்த்தால் அதுவே சாம்பல் ஆகும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த சாம்பல், சியன்னாவைக் கூட்டினால் சூடான சாம்பல். வெள்ளை நாய்க்குப் பாதி வேலையை இந்த ஒரு கலவையே முடித்துவிடும்.

பிரஷ் எல்லாம் நைலான் ரோமத்தில்: ஒரு அங்குலத் தட்டை ஒன்று, 12-ஆம் எண் தட்டை ஒன்று, நுனி வளைந்த ஃபில்பர்ட் 8-உம் 6-உம், உருண்டை 4-உம் 1-உம்.

நம் ஊர் வெயிலில் அக்ரிலிக் தட்டிலேயே பத்து நிமிடத்தில் தோல் கட்டிவிடும். இதற்கு ஒரு வழி: மூடியுள்ள தட்டையான பிளாஸ்டிக் ஸ்வீட் டப்பாவில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை இரண்டு மடிப்பாக விரியுங்கள். அதன்மேல் பட்டர் பேப்பர். வண்ணத்தைப் பட்டர் பேப்பரில் பிதுக்குங்கள். அடியிலிருந்து ஈரம் கசிந்துகொண்டே இருப்பதால் வண்ணம் காயாது. வேலை முடிந்ததும் மூடிவைத்தால் மறுநாளும் ஓடும். நாலைந்து நாள் விட்டால் துணியில் பூஞ்சை பிடித்து நாறும். அப்போது துணியை மாற்றிவிடுங்கள். வரையும்போது மின்விசிறியைத் திருப்பி வையுங்கள். இரண்டு தம்ளர் தண்ணீர் வேண்டும், ஒன்று பிரஷ் கழுவ, இன்னொன்று வண்ணம் இளக்க. ஒரே தம்ளர் என்றால் அந்த அழுக்குத் தண்ணீர் வெள்ளையில்தான் முதலில் தெரியும்.

படம் எடுப்பது

நாய் மூன்று நிமிடம்கூட ஆடாமல் உட்காராது, வெயிலும் நிற்காது. ஆகவே ஃபோட்டோவை வைத்துத்தான் வரையப்போகிறோம். ஓவியம் நன்றாக வருமா என்பதில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது. மோசமான படத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பாடுபட்டாலும் பயனில்லை.

எப்போது எடுப்பது என்பதற்குக் கடிகாரத்தைவிட உங்கள் நிழலே சரியான அளவுகோல். நிழல் உங்கள் உயரத்துக்குச் சமமாக இருந்தால் சூரியன் 45 டிகிரி உயரத்தில் இருக்கிறது. இரண்டு மடங்கு நீளம் என்றால் ஏறக்குறைய 27 டிகிரி. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெளிச்சம் வேண்டும். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் காலை ஏழே முக்காலிலிருந்து ஒன்பது வரை, மாலையில் மூன்றரையிலிருந்து நாலே முக்கால் வரை; பருவத்துக்குத் தக்கபடி முன்பின் ஆகும். உச்சி வெயில் உதவாது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அப்போது முதுகு மட்டும் எரியும், கண் இரண்டும் குழிக்குள் இருட்டாகும், நிழல் வயிற்றுக்கடியில் குட்டையாகக் கிடக்கும். அதில் வரைய ஒன்றும் இல்லை.

காலை நேரமே நல்லது என்பதற்கு இன்னொரு காரணம் தரைச் சூடு. மாலை மூன்றரைக்கு மொட்டை மாடித் தளமும் சிமென்ட் முற்றமும் கொதித்துக்கொண்டிருக்கும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. வெள்ளை நாய்க்கு மூக்கும் காது நுனியும் வெயிலில் சீக்கிரம் சிவந்துபோகும். பத்து நிமிடம் படம் எடுத்தால் நிழலுக்கு அழைத்துப்போய்த் தண்ணீர் காட்டுங்கள். நாயின் நலம் ஒருபுறம் இருக்க, மூச்சிரைக்கும் நாய்க்கு வாயோரம் பின்னால் இழுபடும், காது மடங்கும், கண் சுருங்கும். அது உங்கள் நாயின் முகமாகவே இருக்காது.

நாயின் முகத்துக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் முன்னால் வெயில் இருக்குமாறு உட்கார வையுங்கள். முகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெயில், ஒரு பங்கு நிழல் என்று வந்தால் சரி. முழுக்க வெயிலை நோக்கி இருந்தால் முகம் தட்டையாகிவிடும், கண்ணையும் இடுக்கிக்கொள்ளும். வேப்பமரத்தடியில் புள்ளி புள்ளியாக வெயில் விழும் இடம் பார்க்க அழகுதான். முதல் ஓவியத்துக்கு வேண்டாம். அந்தப் புள்ளிகள் உடல் வடிவத்தை உடைத்துவிடும், வரைந்து முடித்தால் புள்ளி போட்ட வேறு சாதி நாயாகத் தெரியும்.

ஃபோனைப் பிடிப்பவர் தரையில் மண்டியிட வேண்டும். லென்ஸ் நாயின் கண் உயரத்துக்கு வர வேண்டும். நின்றபடி எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குச்சியாகவும் வரும். இரண்டு மீட்டராவது தள்ளி இருந்து 2எக்ஸ் ஜூமில் எடுங்கள். பக்கத்தில் போனால் மூக்கு உப்பிக் காது சிறுத்துவிடும். புதியவர்கள் வரைந்த நாய்ப் படங்களில் மூக்கு உருளைக்கிழங்கு போல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கை அப்படியே பார்த்துத்தான் வரைந்திருக்கும், படம்தான் தப்பு.

அடுத்தது வெளிச்சம். திரையில் நாயின் வெயில் பட்ட தோளைத் தொட்டு, பிரகாசத்தைக் கீழே இழுங்கள். வெள்ளையில் ரோமத்தின் போக்கு தெரிய வேண்டும். ஃபோன் தானாக எடுத்தால் அந்தப் பகுதி வெறும் வெள்ளைத் தாளாக வெளுத்துப்போகும். வெளுத்த இடத்தில் இல்லாததை நீங்கள் எங்கிருந்து வரைவீர்கள்? எச்டிஆர் வசதியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். அது நிழலைத் தூக்கிவிட்டு வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொன்றுவிடும். நாம் வரைய வந்ததே அந்த வித்தியாசத்தை.

ராஜபாளையம் நாய்களில் காது கேளாதவை உண்டு. கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் கத்த வேண்டாம். இன்னொருவர் லென்ஸுக்குப் பக்கத்தில் பிஸ்கட்டைப் பிடித்தால் பார்க்கும். முப்பது, நாற்பது படம் எடுத்தால் இரண்டு தேறும். அவற்றோடு கண், மூக்கு, முன்பாதம் மூன்றையும் அதே வெயிலில் தனித்தனியாக நெருக்கத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் இரண்டு வேலை. நாய் உட்கார்ந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பாதி வெயிலிலும் பாதி நிழலிலுமாகப் போட்டு ஒரு படம் எடுங்கள். பிறகு ஃபோனைக் கீழே வைத்துவிட்டு நாயை நேரில் பார்த்து, கண்ணுக்குத் தெரிந்த நிறங்களைக் காகிதத்தில் எழுதுங்கள்: ‘நிழல் பக்க விலா நீலச் சாம்பல், அடிவயிறு காவி, காது ஆரஞ்சுச் சிவப்பு’ என்று நாலு வரி போதும். கேமரா நிழலில் உள்ள நிறத்தை விழுங்கிவிடும். அந்த நாலு வரிதான் பிறகு கைகொடுக்கும்.

கட்டம் போடுதல்

வெள்ளைப் பலகையில் நேரடியாக வெள்ளை நாயை வரைய முடியாது. எது பூசியது, எது பூசாதது என்று தெரியாது. முதலில் பர்ன்ட் சியன்னாவும் மஞ்சள் காவியும் சமமாகக் கலந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு அங்குல பிரஷ்ஷால் பலகை முழுக்கப் பூசி ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். வெளிறிய செங்கல் நிறம் வந்தால் சரி. அரைமணி நேரம் காயட்டும். செம்மண் தரையில் உட்கார்ந்த நாய்க்கு இந்த அடிநிறம் அங்கங்கே இடைவெளியில் எட்டிப் பார்ப்பதே அழகு.

ஃபோட்டோவை ஏ4 தாளில் 6×8 அங்குல அளவில் அச்செடுங்கள். அதில் ஒரு அங்குலக் கட்டம், பலகையில் இரண்டு அங்குலக் கட்டம். இரண்டிலும் 48 கட்டம் வரும். பலகையில் கட்டம் போடக் கூராகச் சீவிய சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் கரி வெள்ளை வண்ணத்தோடு கலந்து அழுக்காக்கும். சாக்பீஸ் கோட்டை ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். உருவக்கோட்டை இளக்கிய பர்ன்ட் சியன்னாவில் 4-ஆம் எண் பிரஷ்ஷால் போடுங்கள். உட்கார்ந்த நாய் 11, 12 அங்குல உயரம் வரட்டும். நாய் பார்க்கும் பக்கத்தில், முதுகுப் பக்கத்தைவிடக் கூடுதல் இடம் விடுங்கள். நிழல் விழும் இடத்தையும் இப்போதே கோடு போட்டுவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நிழலுக்கு இடமே இருக்காது.

முடிந்ததும் ஃபோட்டோ, பலகை இரண்டையும் தலைகீழாகத் திருப்பிவைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது மனம் ‘நாய்’ என்று படித்துப் பிழையை மன்னித்துவிடும். தலைகீழாக்கினால் வெறும் வடிவம்தான் தெரியும். ஒரு கண் இறங்கியிருப்பதும் முகவாய் கோணியிருப்பதும் உடனே கண்ணில் படும். வண்ணம் தொட்ட பிறகு இதைத் திருத்துவது பெரும்பாடு.

நிழல்தான் முதலில்

இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

திறந்த வெளியில் நேரடி வெயில், நிழலில் இருக்கும் வெளிச்சத்தைப் போல ஐந்து முதல் பத்து மடங்கு வலுவானது. வெள்ளை ரோமம் ஒளியை எவ்வளவுதான் திருப்பி அனுப்பினாலும், நிழலில் அதற்குக் கிடைப்பதே கொஞ்சம்தான். அதனால் நாயின் நிழல் பக்க வெள்ளையும் வெயிலில் கிடக்கும் செம்மண் தரையும் ஏறக்குறைய ஒரே அளவு கருமையில் இருக்கும். யாரும் முதலில் இதை நம்புவதில்லை. ஒரு சாம்பல் நிற அட்டையில் காகிதம் துளைக்கும் பஞ்சிங் மெஷினால் இரண்டு துளை போட்டு, ஃபோட்டோவில் ஒரு துளையை நிழல் பக்க விலாவிலும் மற்றதை வெயில் பட்ட தரையிலும் வையுங்கள். அட்டை சுற்றியிருப்பதை மறைத்துவிடுவதால் இரண்டு துளையிலும் நிறம் மட்டும் தெரியும். ‘இது வெள்ளை ரோமமா?’ என்று கேட்கத் தோன்றும்.

கருமையை 1, பளிச்சென்ற வெள்ளையை 10 என்று வைத்துக்கொண்டு ஒரு அட்டைத் துண்டில் பத்துப் படி சாம்பல் பூசிக் காயவையுங்கள். வரையும் நாள் முழுக்க அது பக்கத்தில் இருக்கட்டும். வெயில் பட்ட வெள்ளை 9. நிழலில் வெள்ளை 5 அல்லது 6. வெயில் தரை அதே 5, 6. தரையில் விழுந்த நிழல் 2 அல்லது 3. மூக்குத்துளை 1. 10-ஐக் கடைசி நாள் வரை தொடாதீர்கள். புதியவர்கள் நிழலை 8-லேயே நிறுத்திவிடுகிறார்கள். வெள்ளை நாயை இவ்வளவு கருப்பாக்குவதா என்று கை கூசும். அங்கேதான் வெயில் செத்துப்போகிறது. வெயிலைக் காட்டுவது நிழலின் கருமை. மேலும் மேலும் வெள்ளை அப்புவதால் வெயில் வராது.

நிழலெல்லாம் ஒரே நிறமா என்றால் அதுவும் இல்லை. நிழலில் இருக்கும் உடலை இரண்டாகப் பிரியுங்கள்: வானத்தைப் பார்க்கும் பரப்புகள், தரையைப் பார்க்கும் பரப்புகள். நிழல் பக்கத் தோளின் மேற்பகுதி, முதுகுச் சரிவு, நெற்றி ஓரம் எல்லாம் நீல வானத்தைப் பார்க்கின்றன. அவற்றில் நீலம் ஏறும். தாடையின் அடி, மார்புக்கூட்டின் அடி, அடிவயிறு, தொடையின் உட்புறம் எல்லாம் தரையைப் பார்க்கின்றன. வெயில் தரையில் மோதித் திரும்பி அவற்றில் விழும். செம்மண் என்றால் காவி, புல் என்றால் மஞ்சள் பச்சை, சிமென்ட் என்றால் வெளிறிய மஞ்சள் சாம்பல். ராஜபாளையத்தின் ஆழமான மார்பும் ஒட்டிய வயிறும் இதைக் காட்டவென்றே செய்த மாதிரி இருக்கும்.

கலவை அளவுகள், ஏறக்குறைய:

வானம் பார்க்கும் நிழல்: வெள்ளை 4 பங்கு, அல்ட்ராமரைன் 1, பர்ன்ட் சியன்னா அரை.
தரை பார்க்கும் நிழல்: வெள்ளை 3, பர்ன்ட் சியன்னா 1, மஞ்சள் காவி 1, அல்ட்ராமரைன் கால்.
வெயில் பட்ட வெள்ளை: வெள்ளை 20, மஞ்சள் காவி 1.
வெயிலும் நிழலும் சேரும் ஓரம்: வெள்ளை 6, மஞ்சள் காவி 1, கிரிம்சன் குண்டூசித் தலையளவு.

கம்பெனிக்குக் கம்பெனி வண்ணத்தின் வீரியம் மாறும். கலந்ததைப் படி அட்டையில் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூசுங்கள். இன்னொன்று, அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும். அதிலுள்ள பசை ஈரமாக இருக்கும்போது பால் போல வெளுத்திருக்கும், காய்ந்ததும் கண்ணாடி ஆகிவிடும், அதுதான் காரணம். ஆகவே ஈரத்தில் பார்த்து முடிவுகட்ட வேண்டாம்.

பூசும் வரிசை இது. 12-ஆம் எண் பிரஷ்ஷால் நிழல் பகுதிகள் அத்தனையையும், உடலில் உள்ளதும் தரையில் விழுந்ததும் சேர்த்து, இடைவெளி விடாமல் போடுங்கள். இந்த நேரத்தில் கண் கிடையாது, மூக்கு கிடையாது, ரோமம் கிடையாது. பிறகு வெயில் பகுதியை ஒரே நிறமாக 8-ஆம் எண் ஃபில்பர்ட்டால் நிரப்புங்கள். பத்தடி தள்ளி நின்று கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இரண்டே நிறத்தில் ஒரு நாய் வெயிலில் உட்கார்ந்திருப்பது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மேலே போகாதீர்கள், இங்கேயே சரிசெய்யுங்கள். கண்ணும் மூக்கும் வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பது வீண் நம்பிக்கை.

இதுவரை ஒன்றரை மணி நேர வேலை. முதல் நாளுக்கு இது போதும்.

இரண்டாம் நாள் நிழலை வானம், தரை என்று பிரித்துப் பூசி, பிறகு வெயிலும் நிழலும் சேரும் ஓரத்துக்கு வாருங்கள். விலா போல வளைந்த இடத்தில் அந்த ஓரம் மெதுவாக மாறும்; தோள் எலும்பு, முழங்கால் போன்ற இடத்தில் சட்டென்று வெட்டும். காது கழுத்தில் போடும் நிழல் கத்தியால் அறுத்த மாதிரி இருக்கும். எல்லா ஓரத்தையும் ஒன்றுபோல் தேய்த்து வழவழப்பாக்கினால் நாய் பீங்கான் ஆகிவிடும்.

ரோமம் ஒவ்வொன்றாக இழுக்க வேண்டியதில்லை. ராஜபாளையத்துக்கு ரோமம் குட்டை. இரண்டு மீட்டரிலிருந்து பார்த்தால் மயிரிழை தெரியாது, போக்கு மட்டும்தான் தெரியும். மூக்கிலிருந்து நெற்றிக்கு மேல்நோக்கி, கழுத்தில் பின்நோக்கி, மார்பில் சுழி என்று போகும் திசையிலேயே பிரஷ்ஷை நகர்த்துங்கள். அதுவே ரோமமாகப் படும். மார்புச் சுழி, தொடையின் பின் ஓரம், வாலின் அடி ஆகிய மூன்று இடத்தில் மட்டும் 1-ஆம் எண் பிரஷ்ஷால் மொத்தம் முப்பது, நாற்பது கீற்று போதும்.

கண், மூக்கு, காது

நாயின் கண்ணில் வெள்ளை விழி நேராகப் பார்க்கும்போது ஏறக்குறையத் தெரியவே தெரியாது. மனிதக் கண் மாதிரி இருபுறமும் வெள்ளை வைத்தால் நாய் மிரண்டு பார்க்கும். முதலில் கண் முழுவதையும் அல்ட்ராமரைன், சியன்னா கருமையில் நிரப்புங்கள். சுற்றியுள்ள இமை விளிம்பும் அதில் அடங்கும். காய்ந்ததும் உள்ளே கருவிழி வட்டம். பல ராஜபாளையங்களுக்கு அது பொன்னிறம்: மஞ்சள் காவியோடு சியன்னா. வட்டத்தின் மேல் பாதியைக் கருமையாக்குங்கள், மேலிமையின் நிழல் அங்கே விழுகிறது. கீழ்ப் பாதியில் லெமன் யெல்லோ துளி கலந்து ஒளிர விடுங்கள். மேலே ஒளிப்புள்ளி, எதிர்ப்புறம் கீழே இந்த ஒளிர்வு. கண்ணுக்கு உருண்டை வடிவம் வருவது இதனால்தான். கருவிழியின் நடுவில் உள்ள கறுப்புப் பாப்பா வெயிலில் சுருங்கியிருக்கும், பெரிதாகப் போடாதீர்கள்.

கண்ணின் ஒளிப்புள்ளி வெளியில் எடுத்த படத்தில் வானத்தின் பிரதிபலிப்பு. ஆகவே வெள்ளையில் துளி நீலம் சேர்த்து வையுங்கள். இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்தில், வெயில் வரும் திசையில் இருக்க வேண்டும். நிழல் பக்கக் கண்ணில் அது மங்கலாகவும் சிறிதாகவும் இருக்கும். இரண்டிலும் பளிச்சென்று சம அளவில் வைத்தால் அது ஸ்டூடியோ விளக்கு.

மூக்கு இளஞ்சிவப்பு என்பதால் ரோஜா நிறம் பூசிவிடாதீர்கள். வெள்ளை 3, கிரிம்சன் 1, மஞ்சள் காவி 1 என்று தொடங்கி, நிழல் பாதிக்கு அதிலேயே கொஞ்சம் அல்ட்ராமரைன். மூக்குத்துளை அரைப்புள்ளிக் குறியின் வால் போலப் பக்கவாட்டில் வளைந்து முடியும். வட்டமாகத் துளை போட்டால் பன்றி மூக்கு ஆகும். ஈரப் பளபளப்பு மூக்கின் மேல் விளிம்பில் இரண்டு மூன்று சிறு பொட்டுகள் மட்டும்.

காதுதான் இந்தப் படத்தின் நகை. வெயில் பின்னாலிருந்து படும் காது மடல் ரத்தநாளத்தோடு சேர்ந்து விளக்குத் திரி போல எரியும். ஓவியத்தில் நிறம் உச்சத்துக்குப் போவது இங்கே மட்டும்தான்: கிரிம்சன் 1, மஞ்சள் காவி 1, லெமன் யெல்லோ அரை, வெள்ளை 1. வெள்ளையை இங்கே கூட்டினால் எரிவது அணைந்துவிடும். மடலின் நடுவில் இந்த நிறம், ஓரத்தில் வெயில் வெள்ளை மெல்லிய கோடாக, அடியில் மடிப்புக்குள் சியன்னா. பக்கத்தில் நீலச் சாம்பல் நிழல் இருப்பதால் அந்தச் சிவப்பு இன்னும் தூக்கலாகத் தெரியும்.

தரையும் பின்புலமும்

தரை நிழல் கறுப்பு அல்ல. செம்மண்ணின் நிறத்தையே இருட்டாக்கிக் கொஞ்சம் குளிர்ச்சியாக்க வேண்டும்: பர்ன்ட் சியன்னா 2, அல்ட்ராமரைன் 1, கிரிம்சன் துளி. பாதத்துக்கு ஒட்டிய இடத்தில் மிகக் கருமை. அங்கே இடைவெளி விட்டால் நாய் மிதக்கும். நிழலின் ஓரம் பாதத்தருகே கூர்மையாகவும் தலை நிழல் விழும் இடத்தில் மங்கலாகவும் இருக்கும். சூரியன் ஒரு புள்ளி அல்ல, வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள தட்டு. ஆகவே வெயில் ஒரு மீட்டர் பயணித்து விழும் நிழலின் ஓரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கலங்கும். சாய்ந்த வெயிலில் இன்னும் கூடும்.

பின்புலத்துக்கு அதிகம் மெனக்கெடாதீர்கள். வெயில் பக்க முதுகுக்குப் பின்னால் இருட்டு, நிழல் பக்கத்துக்குப் பின்னால் வெளிச்சம் என்று இருந்தால் நாய் தானாக முன்னால் வரும். ஃபோட்டோவில் பின்னால் வெள்ளையடித்த சுற்றுச்சுவர் இருந்தால் தயங்காமல் அதை மாற்றி, வேலியோரச் செடியின் கரும்பச்சையை வையுங்கள். ட்யூபில் வரும் பச்சை வேண்டாம். அல்ட்ராமரைனோடு மஞ்சள் காவி கலந்தால் வரும் மங்கிய பச்சைதான் நம் ஊர்ச் செடி நிறம். இலை இலையாக வரைந்தால் பார்வை நாயை விட்டுப் போய்விடும்.

தப்புகளும் பரிகாரமும்

படம் முழுக்க மாவு பூசியது போல வெளிறிக் கிடந்தால், எல்லாக் கலவையிலும் வெள்ளை புகுந்துவிட்டது என்று பொருள். கருமையான இடங்களில், குறிப்பாகத் தரை நிழலிலும் காது மடிப்பிலும், வெள்ளை சேராத சியன்னாவைத் தண்ணீரில் இளக்கி மெல்லியதாக ஒரு பூச்சு ஓட்டுங்கள். தண்ணீர் வண்ணத்தின் அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பசை போதாமல், காய்ந்த பிறகு தேய்த்தால் வந்துவிடும். ஒட்டும் திறன் கெடாமல் இளக்க, கடையில் அக்ரிலிக் மீடியம் கேட்டு வாங்கலாம்.

நாய் மஞ்சள் பூசிக் குளித்தது போல இருந்தால், வெயில் வெள்ளையில் காவி அதிகமாகிவிட்டது. முழுக்க அழிக்க வேண்டாம். நெற்றி, தோள், முழங்கால் என்று வெயில் நேராக மோதும் நாலைந்து இடத்தில் மட்டும் ஏறக்குறைய சுத்த வெள்ளையைத் தடிமனாக வையுங்கள். 10-க்கு இப்போதுதான் வேளை. நிழல் நீலச்சாயம் தோய்த்த மாதிரி இருந்தால் சியன்னா கலந்த சாம்பலை அதன்மேல் உலர்ந்த பிரஷ்ஷால் இழுங்கள். நீலம் அடியில் லேசாகத் தெரிந்துகொண்டிருக்கட்டும்.

உங்கள் வீட்டு நாய் வேறு நிறமா? செவலை, கோம்பை நாய் மாதிரி நிறத்துக்கு வெயில் பக்கம் காவியோடு லெமன் யெல்லோ, நிழல் பக்கம் சியன்னாவோடு அல்ட்ராமரைனும் கிரிம்சனும். கறுப்பைக் கலந்து இருட்டாக்கினால் மஞ்சள் பச்சையாகிவிடும். நாய் பாசி பிடித்த மாதிரி நிற்கும். கறுப்பு நாய்க்குக் கணக்குத் தலைகீழ். வெயில் மோதும் இடம் வானத்தைப் பிரதிபலித்து நீலச் சாம்பலாகவும், வெயில் ஊடுருவும் ரோம நுனி செம்பழுப்பாகவும் இருக்கும். அதற்கு நிழலை முதலில் ஒரே கருமையாகப் போட்டுவிட்டு வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

நாலு நாளில், தினம் ஒன்றரை மணி நேரம் என்று முடித்துவிடலாம். ஐந்தாம் நாளும் உட்கார்ந்தால் பெரும்பாலும் கெடுப்பதற்குத்தான். ஒரு வாரம் காயவிட்டு, மழை இல்லாத நாளாகப் பார்த்து அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு பூச்சு அடியுங்கள். ஈரக் காற்றில் அடித்தால் கருமையான இடங்களில் பால் படிந்த மாதிரி வெளுத்துவிடும். முதல் பூச்சு குறுக்காக, அது காய்ந்த பின் இரண்டாவது நெடுக்காக.

அக்ரிலிக் காய்ந்த பிறகும் சூட்டில் இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஓவியத்தை வைக்கக் கூடாது. இரண்டு ஓவியங்களை முகத்தோடு முகம் அடுக்கவும் கூடாது, ஒட்டிக்கொள்ளும். யாருக்காவது பரிசாக எடுத்துப்போவதானால் மேலே பட்டர் பேப்பரைப் போட்டு, அதற்குமேல் அட்டை வைத்துக் கட்டுங்கள். செய்தித்தாள் வேண்டாம். மை வெள்ளை நாயில்தான் போய் ஒட்டும்.